சுரங்க டம்பர்: பழுதாகும் முன் பார்க்கும் வேலை

இந்தியாவில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது. நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கக்கூடிய சுரங்கம் நெய்வேலி. அங்கே ராட்சதச் சக்கரம் சுழன்று மண்ணை அறுக்கும், கன்வேயர் பெல்ட் அதைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோகும். சத்தீஸ்கரின் கெவ்ரா, மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி பக்கம் போனால் காட்சி வேறு. பாறையை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள், ஷவல் என்ற பெரிய அள்ளும் இயந்திரம் அள்ளிப் போடுகிறது, டம்பர் என்ற ராட்சத லாரி சுமந்துகொண்டு மேலேறுகிறது. டம்பர் நின்றால் ஷவல் நிற்கும், ஷவல் நின்றால் சுரங்கமே நின்ற மாதிரி.

இங்கே ஓடும் டம்பர்களில் முக்கியமான ஒரு வகை 100 டன் வகுப்பு. பொதுத்துறை நிறுவனமான பெமல் இந்த வகை வண்டிகளை மைசூரில் தயாரிக்கிறது. அதே நிறுவனம் புல்டோசர்களைச் செய்வது கோலார் தங்கவயலில். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டாலும், வேறு சுரங்கங்களுக்கான இயந்திரங்கள் அந்த ஊரிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 100 டன் வகுப்பு டம்பரின் வெற்று எடை சுமார் 70 டன், சுமையோடு 160 டன்னுக்கும் மேல். ஆறு டயர்கள், ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டருக்கும் அதிக உயரம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வண்டியின் வலப்பக்கத்தில் பல மீட்டர் தூரத்துக்கு ஆள் நின்றாலும் தெரியாது.

பொதுத்துறை நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவுக்குத் திட்டம் வகுத்துத் தரும் நிறுவனம் ராஞ்சியில் உள்ள சி.எம்.பி.டி.ஐ. ஒவ்வொரு வகை இயந்திரமும் எவ்வளவு நேரம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் உண்மையிலேயே ஓட வேண்டும் என்று அது அளவுகோல் வைத்திருக்கிறது. ஷவலுக்கு 80 சதவீதமும் 58 சதவீதமும். டம்பருக்கு 67, 50. அதாவது 24 மணி நேரத்தில் ஒரு டம்பர் 16 மணி நேரம் தயாராக இருந்து 12 மணி நேரம் ஓடினால் கணக்கு சரி. மீதி எட்டு மணி நேரம் பணிமனைக்கென்றே விட்டுக்கொடுத்தாகிவிட்டது. அந்த எட்டு மணி நேரத்தில் எவ்வளவு முன்கூட்டியே திட்டமிட்ட வேலை, எவ்வளவு திடீர்ப் பழுது என்பதைப் பொறுத்துத்தான் உற்பத்தியும் ஆட்களின் உயிரும் இருக்கின்றன. சுரங்க நிர்வாகங்கள் உற்பத்திக்கு ஒரு கூட்டமும் பாதுகாப்புக்கு இன்னொரு கூட்டமும் நடத்துகின்றன. டம்பர் பராமரிப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் குழாயான ஒரு ஹைட்ராலிக் ஹோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 500 மணி நேர சர்வீஸில் அது உராய்ந்து தேய்ந்திருப்பதை ஃபிட்டர் பார்த்துவிட்டால், சமதளக் கான்கிரீட் தரையில், நல்ல வெளிச்சத்தில், இன்ஜின் ஆறிய பிறகு மாற்றிவிடலாம். சின்ன வேலை. அதே ஹோஸ் நடுராத்திரி ஏற்றத்தில் வெடித்தால் கதை வேறு. வண்டியில் முழுச் சுமை இருக்கும். எண்ணெய் பீய்ச்சியடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த டர்போசார்ஜர் இருந்தால் தீப்பிடிக்கும். இதற்காகத்தான் பெரிய இயந்திரங்களில் தீயைத் தானாகக் கண்டுபிடித்து அணைக்கும் அமைப்பை வலியுறுத்துகிறார்கள். தீ வராவிட்டாலும், சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் வண்டிக்கு அடியில் நுழைந்தாக வேண்டும். வாக்கிடாக்கியில் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். பாகம் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். பழுதுக்குப் பின்னால் ஓடும் சுரங்கம் தன் ஆட்களை மிக மோசமான இடத்தில், மிக மோசமான நேரத்தில் வேலை செய்யவைக்கிறது.

தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், டி.ஜி.எம்.எஸ்., வெளியிடும் விபத்துக் கணக்குகளில் டம்பரும் டிரக்கும் ஆண்டுக்கு ஆண்டு முன்வரிசையில் இருக்கின்றன. எல்லாமே பராமரிப்புக் குறையால் வந்தவை அல்ல. தூக்கம், இருட்டு, மழை, வழிவிடும் ஒழுங்கு என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, ரிவர்ஸ் அலாரம் ஆகியவை பராமரிப்பவர் கையில் நேரடியாக இருப்பவை.

பராமரிப்பு என்றதும் கண்ணில் வருவது பணிமனைதான். ஆனால் டம்பரின் பராமரிப்பு ஹால் ரோடில், அதாவது டம்பர் ஓடும் சுரங்கச் சாலையில் தொடங்குகிறது. அந்தச் சாலையின் ஏற்றம் பதினாறுக்கு ஒன்றை (16 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு) மீறக் கூடாது என்பது விதி. சிறு தூரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. 160 டன் வண்டி அந்த ஏற்றத்தில் ஏறும்போது புவியீர்ப்பை எதிர்க்க 10 டன் விசை தேவை. சாலை கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தால் டயர் உருள்வதற்கு எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது 3.2 டன் சேர்த்துக்கொள்ளலாம். அதே சாலை சேறும் குழியுமாகி டயர் புதைய ஆரம்பித்தால் அது 5 சதவீதத்துக்குப் போய் 8 டன் ஆகிவிடும். மொத்தம் 13.2 டன்னாக இருந்தது இப்போது 18 டன். இன்ஜின் சக்தி அதேதான் என்பதால் வேகம் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. டீசல் கூடுகிறது, இன்ஜினும் டிரான்ஸ்மிஷனும் சூடேறுகின்றன, குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் சேஸிஸ் முறுக்கிக்கொள்கிறது. பணிமனையில் எவ்வளவு திறமையான ஃபிட்டர் இருந்தாலும் இந்தச் சேதத்தை அவரால் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியது சாலையைச் சமன்செய்யும் கிரேடரும் தண்ணீர் டேங்கரும்தான். வருத்தம் என்னவென்றால், ஆள் பற்றாக்குறை வரும் ஷிப்டில் முதலில் நிறுத்தப்படுவதும் இந்த இரண்டும்தான்.

தண்ணீர் அடிப்பதிலும் கணக்கு இருக்கிறது. அடிக்காவிட்டால் புழுதியில் முன்னால் போகும் வண்டி தெரியாது, ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி அடித்தால் இறக்கத்தில் டயர் வழுக்கும். அதனால்தான் சரிவுகளில் முழுக்க நனைக்காமல் இடைவெளி விட்டு அடிக்கிறார்கள்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2000களின் நடுவில் உலகச் சந்தையில் கனிமங்களின் விலை ஏறி, எல்லா நாட்டுச் சுரங்கங்களும் ஒரே நேரத்தில் வண்டிகளைக் கூட்டியபோது பெரிய டயர்களுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. நல்ல நிலையில் இருந்த டம்பர்கள் டயர் இல்லாமல் நின்றன. டீசலுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவுகளில் ஒன்று டயர். அதில் பெரும்பாலானவை தேய்ந்து சாவதில்லை. கல் வெட்டியோ சூடேறிப் பிரிந்தோ நடுவயதிலேயே போய்விடுகின்றன.

சூட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. டயர்மீது வரும் சராசரி எடையை டன்னிலும், ஷிப்டின் சராசரி வேகத்தைக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்குவார்கள். முன்பக்க டயர் ஒன்றுக்கு வெறும் வண்டியில் 16 டன், சுமையோடு 26 டன் என்றால் சராசரி 21. சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் பெருக்கல் 420. டயர் தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த எண்ணுக்குள் இது இருந்தால் டயர் தன் சூட்டைத் தானே வெளியேற்றிக்கொள்ளும், தாண்டினால் உள்ளே வெப்பம் தங்கி அடுக்குகள் பிரியும். அனல் அடிக்கும் மே மாத வெயிலில், கொட்டுமிடத்தைத் தள்ளிவைத்து, இலக்கை எட்ட வேகமாக ஓட்டச் சொல்லும் நாளில் இந்த எண்ணை யாராவது திரும்பப் போட்டுப் பார்த்தார்களா என்பது நியாயமான கேள்வி. காற்றழுத்தம் குறைந்தாலும் இதே கதைதான். பக்கவாட்டுச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறும். அழுத்தத்தைக் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால் ஆறிய பிறகு குறை அழுத்தத்தோடு ஓடும்.

வெட்டு விழுவது பெரும்பாலும் ஷவலுக்குப் பக்கத்தில். அள்ளும்போது சிதறிய பாறையை டோசர் ஒதுக்காமல் விட்டால், ரிவர்ஸில் வரும் டம்பர் அதன்மேல் ஏறும். அளவுக்கு மேல் கொட்டினால் ஏற்றத்தில் பாறை சரிந்து பின்வரும் வண்டியின் டயருக்கு அடியில் போகும். கேட்டர்பில்லர் நிறுவனம் பரப்பிய 10-10-20 என்ற விதி பல சுரங்கங்களில் பழக்கத்தில் உள்ளது: பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட நடைகள் குறித்த சுமையைவிடப் பத்து சதவீதம் தாண்டக் கூடாது, எந்த நடையும் இருபது சதவீதம் தாண்டவே கூடாது. கூடுதலாக ஐந்து டன் போட்டால் அன்றைய கணக்கில் லாபம் தெரியும். டயர், பிரேக், சேஸிஸ் கணக்கு சில மாதம் கழித்து வேறொரு துறையின் செலவில் வந்து சேரும்.

பின் சக்கரங்கள் இரட்டை. இரண்டுக்கும் இடையே தொங்கும் இரும்புத் தண்டைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் சிக்கும் கல்லைத் தட்டிவிடுவது அதன் வேலை. அது வளைந்தோ உடைந்தோ போனால் சிக்கிய கல் இரண்டு டயரின் பக்கச் சுவரையும் அறுத்துக்கொண்டே சுற்றும். வேகம் கூடும்போது கல் விடுபட்டால் எறிகல்லாகப் பறக்கும். அந்தத் தண்டைச் சரிசெய்ய ஆகும் செலவு டயர் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

டயரில் இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. வீல் நட்டு இறுகிப்போய் வரவில்லை என்று டயரோடு இருக்கும் ரிம்மைக் கேஸ் டார்ச்சால் சூடுபடுத்துவதோ அதன்மேல் வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் கூடாது. உள்பக்க ரப்பர் சூட்டில் சிதைந்து எரிவாயு உண்டாகும், அது மூடிய டயருக்குள் பற்றிக்கொள்ளும். வெடிப்பு பக்கத்தில் நிற்பவரைப் பிழைக்க விடாது. பிரேக் அதிகமாகச் சூடேறினாலும், உயர்ந்த டம்பர் பெட்டி மின்கம்பியில் பட்டாலும், மின்னல் தாக்கினாலும் இதே விளைவு வரலாம், அதுவும் பல மணி நேரம் கழித்து. ஆஸ்திரேலியச் சுரங்கங்களின் வழிகாட்டுதலில் இப்படிச் சந்தேகப்படும் வண்டியைச் சுற்றி 300 மீட்டர் தூரத்துக்கு ஆளில்லாமல் 24 மணி நேரம் தனியே விட்டுவிடச் சொல்கிறார்கள். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைப்பதன் முக்கியக் காரணமும் இதுதான்; ஆக்சிஜன் இல்லாவிட்டால் உள்ளே பற்றாது. சாதாரண நாளில்கூட, நட்டில் கைவைக்கும் முன் உள் டயர், வெளி டயர் இரண்டின் காற்றையும் முழுக்க இறக்கிவிட வேண்டும். ரிம்மில் விரிசல் இருந்தால் நட்டு தளரும் அந்த நொடியில் வளையம் தெறிக்கும்.

எண்ணெய்ப் பரிசோதனை மலிவானது, அதனாலோ என்னவோ மதிப்பும் குறைவாகவே கிடைக்கிறது. அமெரிக்க ரயில்வேக்கள் 1940களில் டீசல் இன்ஜின்களுக்குத் தொடங்கிய முறை இது. இன்ஜின் சூடாக இருக்கும்போது சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து, இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரின் அளவையும் எண்ணெய் மாற்றிய நாளையும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறினால் புழுதி உள்ளே போகிறது. ஏர் ஃபில்டருக்குப் பின்னாலுள்ள குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். சோடியம் ஏறினால் கூலன்ட் கசிகிறது. எண்ணெய் நீர்த்திருந்தால் இன்ஜெக்டரைப் பாருங்கள். ஒரு கிளாம்பை முறுக்குவதோடு முடிய வேண்டியது, ரிப்போர்ட்டை யாரும் படிக்காததால் இன்ஜின் ஓவர்ஹாலில் போய் முடிவதுண்டு. ஒரே ஒரு ரிப்போர்ட் பெரிதாக எதையும் சொல்லாது. அதே வண்டியின் முந்தைய ஐந்தாறு ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

பிரேக்குக்கு வருவோம். 160 டன் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒருமுறை நிறுத்தினால் பிரேக் விழுங்கும் வெப்பம் ஒரு அளவு. அதே வண்டி சுமையோடு 50 மீட்டர் ஆழம் சீரான வேகத்தில் இறங்கினால் கரைக்க வேண்டிய சக்தி அதைப்போல எட்டு மடங்கு. எண்ணெயால் குளிரூட்டப்படும் டிஸ்க் பிரேக்கும், இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரிடார்டரும் இருப்பது இதற்காக. அந்தக் குளிரூட்டும் எண்ணெயின் அளவு, கூலரின் சுத்தம், டிஸ்க் தேய்மானம் ஆகிய மூன்றும் சர்வீஸ் அட்டையில் சாதாரண வரிகளாகத்தான் இருக்கும். ஷிப்ட் அவசரத்தில் டிக் அடிப்பது சுலபம். பார்க்கிங் பிரேக், சர்வீஸ் பிரேக், அவசர பிரேக் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாங்குகிறதா என்று ஷிப்ட் தொடக்கத்திலேயே சோதிப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

பணிமனைக்குள் நடக்கும் விபத்துகளுக்குப் பொதுவான ஒரு வேர் உண்டு: அடைபட்டுக் கிடக்கும் சக்தி. தூக்கிய டம்பர் பெட்டியை ஹைட்ராலிக் சிலிண்டரை மட்டும் நம்பி விட்டுவிட்டு, பாதுகாப்புப் பின் போடாமல் அடியில் நுழைவது. இன்ஜினை அணைத்த பிறகும் அக்யூமுலேட்டரில் (அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் கலன்) இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைக் கழற்றுவது. ஹைட்ராலிக் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது இன்னொன்று. ஊசித்துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். அப்புறம் பூட்டு. வண்டியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மின் இணைப்பைத் துண்டிக்கும் பேட்டரி ஐசொலேட்டரில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்திருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. ஃபோர்மேன் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று போட்டால், வண்டிக்குள் யார் இருக்கிறார் என்பது அவர் ஞாபகத்தைப் பொறுத்ததாகிவிடும்.

இத்தனைக்கும் முதல் கண் ஆப்பரேட்டருடையது. ஷிப்ட் தொடங்கும்போது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். தரையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா, வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிகிறதா என்று பார்ப்பார். துருக்கோடு தெரிந்தால் நட்டு தளர்ந்து அசைகிறது என்று அர்த்தம். ரிம் விரிசல், டயர் வெட்டு, ஏணிக் கைப்பிடி, ரிவர்ஸ் அலாரம், வைப்பர், ஸ்டியரிங் என்று பார்த்து லாக் புக்கில் எழுதுவார். நல்ல ஆப்பரேட்டருக்கு வண்டியின் சத்தம் மாறியதுகூடத் தெரியும்.

அவர் எழுதியது என்ன ஆகிறது என்பதில்தான் பல சுரங்கங்கள் தோற்கின்றன. "பிரேக் லேசாக இழுக்கிறது" என்று எழுதுகிறார். அடுத்த ஷிப்ட் ஆப்பரேட்டரும் அதையே எழுதுகிறார். நாலாம் நாளும் பதில் வராவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடுகிறார். அதற்குப் பிறகு எல்லா வரியிலும் "ஓகே" மட்டும்தான் இருக்கும். எல்லா நாளும் ஓகே என்று சொல்லும் லாக் புக்கைப் பார்த்தால் மேலாளர் கவலைப்பட வேண்டும். தீர்வு கடினமானது இல்லை. எழுதிய ஒவ்வொரு குறைக்கும் அதே பக்கத்தில் பதில் வர வேண்டும்: சரிசெய்தாயிற்று, அல்லது இந்தத் தேதி சர்வீஸில் பார்க்கிறோம், அல்லது பார்த்தோம், ஓட்டலாம் என்று பெயரோடு. எதற்கு வண்டியை உடனே நிறுத்தலாம் என்ற பட்டியல் ஆப்பரேட்டர் கையில் இருக்க வேண்டும். நிறுத்தியதற்காக அவரிடம் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது.

இன்றைய டம்பர்கள் இன்ஜின் வெப்பம், சுமை, பிரேக் சூடு, டயர் அழுத்தம் என்று எல்லாவற்றையும் தாங்களே பதிந்து அனுப்புகின்றன. கோல் இந்தியாவின் சில சுரங்கங்களில் ஜி.பி.எஸ். வழியே டம்பர்களை ஷவலுக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. உதவிதான். ஆனால் லாக் புக்குக்குப் பதில் சொல்லாத பணிமனை திரையில் வரும் அலாரத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடாது.

உதிரிபாகம் இன்னொரு தலைவலி. பாகம் வர மாதக்கணக்கானால், நிற்கும் ஒரு டம்பரிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் போடுவார்கள். இரண்டு வண்டியிலும் வேலை இரட்டிப்பு, போட்ட பாகத்தின் வயது யாருக்கும் தெரியாது. கடைசியில் கழற்றப்பட்ட வண்டி சர்வே ஆஃப் ஆகி, அதாவது இனி உதவாது என்று கழிக்கப்பட்டு, ஓரமாக நிற்கும். பெரிய இயந்திரங்களை வாங்கும்போதே பல ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து, இத்தனை சதவீத நேரம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரையே பொறுப்பாக்கும் முறை இதற்கு ஓரளவு விடை.

ஆனால் மேல்மண் அகற்றும் வேலையில் பெரும் பகுதி இன்று ஒப்பந்தக்காரர்களின் டிப்பர்களிடம் இருக்கிறது. ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று பணம். வண்டி நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. ஓட்டுநருக்கும் பெரும்பாலும் நடைக்கணக்கில் கூலி. இந்த ஏற்பாட்டில் பிரேக் இழுக்கிறது என்று சொல்லும் ஓட்டுநர் தன் அன்றைய வருமானத்தையே வெட்டிக்கொள்கிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, விலை போட்டவர்கள்தான் யோசிக்க வேண்டும். டெண்டரிலேயே பராமரிப்பு நேரத்துக்கென்று தனித் தொகை வைக்கலாம், குறை சொல்லி வண்டியை நிறுத்திய ஓட்டுநருக்கு அந்த ஷிப்டின் குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்யலாம். சுரங்கத்தின் சொந்த டம்பருக்கு நடக்கும் அதே பிரேக் சோதனையை ஒப்பந்த டிப்பருக்கும் வாசலிலேயே நடத்தி, தேறாத வண்டியைத் திருப்பி அனுப்பலாம். இரண்டு வண்டிகளும் இறங்குவது ஒரே சரிவில், ஒன்றின் பின்னால் ஒன்றாக.